சாவி போட்டுத் திறந்தாலும் வீட்டை உடைத்ததுதான்

ஆச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. திருநெல்வேலி டவுனில், ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்கில் தனியாக இருக்கிறார். போன சித்திரையில், அம்பாசமுத்திரம் பக்கம் பிறந்த ஊரில் அம்மன் கொடைத் திருவிழா என்று வியாழக்கிழமை காலையில் கிளம்பிப் போனார். சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து போன். அன்று பதினோரு மணிக்கு என் வக்கீல் அலுவலகத்தில் இருந்தார், பேரன் எழுதிய மனுவோடு. ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துத் தரச் சொல்லி.

மனுவில் முக்கியமான வரி இது: ‘அடையாளம் தெரியாத நபர்கள் என் வீட்டை உடைத்து, பீரோவில் இருந்த 11 பவுன் நகைகளையும் ரொக்கம் 40,000 ரூபாயையும் கொள்ளையடித்துச் சென்றுவிட்டனர்.’

“எதை ஆச்சி உடைச்சிருக்கான்?”

“ஒண்ணையும் உடைக்கலியே தம்பி. பூட்டு நாதாங்கியில திறந்தபடி தொங்குது. கொண்டி கூட வளையல.”

“அப்புறம் எப்படி உள்ள வந்தான்?”

ஆச்சி பேரனைப் பார்த்தார். பேரன் தரையைப் பார்த்தான். துளசி மாடத்துப் பிறையில் ஒரு சாவி எப்போதும் இருக்குமாம். முடுக்கில் பாதிப்பேருக்குத் தெரியுமாம். “உடைச்சதா எழுதினாத்தான் கேஸ் நிக்கும்னு சொன்னாங்க சார்” என்றான் பேரன்.

இந்த ஒரு வரியில் இரண்டு தப்பு. உடைக்காத பூட்டை உடைத்ததாக எழுதினால் கேஸ் நிற்காது. குறுக்கு விசாரணையில் முதலில் சரிவதே அந்த வரியாகத்தான் இருக்கும். உடைத்ததாக எழுத வேண்டிய தேவையும் இல்லை. வேறு யாருடைய சாவியையோ எடுத்துப் பூட்டைத் திறந்து களவுக்காக உள்ளே போனால், சட்டத்தின் கண்ணில் அது வீட்டை உடைத்ததுதான். கடப்பாரையால் நெம்பினவனும் சாவியால் திறந்தவனும் ஒரே பிரிவில்தான் வருவார்கள்.

‘கொள்ளை’ என்ற சொல்லையும் அடித்தேன். பத்திரிகைத் தலைப்புக்கு எல்லாமே கொள்ளைதான். சட்டத்தில் கொள்ளை என்றால் அடியோ மிரட்டலோ உயிர்ப்பயமோ இருக்க வேண்டும். ஆளில்லாத வீட்டில் யாரை மிரட்டுவது? நடந்தது கன்னக்களவும் (வீட்டை உடைத்துப் புகுவதற்குள்ள பெயர்) திருட்டும்.

2024 ஜூன் 30 வரை இதற்கு இந்திய தண்டனைச் சட்டம். ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் ‘457, 380’ என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இரவில் கன்னக்களவும், வீட்டுக்குள் திருட்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா. எண் மாறி ‘331(4), 305’ ஆகிவிட்டது. சரக்கு பெரும்பாலும் பழையதுதான். முன்பு நடந்த களவுகளின் வழக்குகள் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பிரிவுகளின் அமைப்பு டவுனில் இருக்கும் பழைய வீடுகளைப் போன்றது. தெருவிலிருந்து திருணை, அதைத் தாண்டி பட்டாசல், அடுத்த கட்டு, கடைசியில் அடுக்களை. பட்டாசலுக்குள் வராமல் அடுக்களைக்குப் போக முடியாது. அதேபோல, 331(4) என்ற கடைசி அறைக்குப் போக வேண்டுமானால் அரசுத் தரப்பு முன்னறைகளை ஒவ்வொன்றாகக் கடந்து வர வேண்டும். நடுவில் ஒரு கதவு அடைபட்டாலும் வழக்கு அந்த அறையிலேயே நின்றுவிடும்.

முதல் அறை, குற்றமுறு அத்துமீறல். இன்னொருவர் சுவாதீனத்தில், அதாவது கைவசத்தில், இருக்கும் இடத்துக்குள் கெட்ட நோக்கத்தோடு நுழைவது, அல்லது முறையாக நுழைந்துவிட்டுக் கெட்ட நோக்கத்தோடு அங்கேயே தங்குவது. நோக்கம் என்பது ஒரு குற்றம் செய்வதாக இருக்கலாம். அங்கே இருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ இருக்கலாம். பிரிவு 329.

இங்கே சட்டம் பார்ப்பது சுவாதீனத்தை. பத்திரம் யார் பெயரில் என்பது அடுத்த பேச்சு. வாடகை பாக்கி என்று சொல்லி, குடியிருப்பவர் ஊரில் இல்லாத நேரத்தில் பூட்டை உடைத்துச் சாமான்களைத் தெருவில் வைக்கும் வீட்டுக்காரர், “என் வீட்டுக்குள்ள நான் போனா அது எப்படி அத்துமீறல்?” என்று கேட்பார். வீடு அவருடையதுதான். சுவாதீனம் குடியிருப்பவருடையது. வழக்கு வந்தால் வீட்டுக்காரர் பதில் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டைகளும் இந்த அறைக்குள்தான் வந்து விழுகின்றன. அப்பா இறந்த பிறகு பூர்வீக வீட்டைப் பூட்டி ஒருவர் சாவியை வைத்துக்கொள்வார். இன்னொருவர் பூட்டை உடைத்து அண்டா குண்டாவை எடுத்துப் போவார். உடனே ‘கன்னக்களவு’ என்று புகார். எனக்கும் பங்கு உண்டு என்று உண்மையாகவே நம்பி எடுத்தவரிடம் திருட்டுப் புத்தியை நிரூபிப்பது கஷ்டம். இந்த மாதிரிப் புகார்களில் பாதி சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியவை என்பது என் அபிப்பிராயம்.

நோக்கத்தை யார் கண்டார்கள் என்று கேட்கலாம். நடந்துகொண்ட விதத்திலிருந்துதான் ஊகிக்க முடியும். குடித்துவிட்டுத் தன் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டுத் தார்சாவில் போய்ப் படுத்தவனும், கையுறை மாட்டிக்கொண்டு பீரோ முன்னால் நிற்பவனும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். சட்டத்தின் முன் ஒன்றல்ல. தான் போவது மற்றவருக்குத் தொல்லையாகும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தொல்லை கொடுப்பதே நோக்கமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாத்ரி வழக்கில் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் அடிக்கடி கையில் எடுக்கும் தீர்ப்பு.

அடுத்த அறை, வீடு. எது வீடு? மனிதர் வசிக்கும் கட்டடம், கூடாரம், கப்பல் அல்லது படகு, வழிபாட்டுக் கட்டடம், பொருளைப் பத்திரமாக வைத்திருக்கும் கட்டடம். ஆக, பேட்டையில் நெல் மூட்டை அடுக்கிய குடோன் சட்டப்படி வீடு. ஊர்க்கோடியில் வருஷத்துக்கு ஒரு கொடை மட்டும் நடக்கும் அம்மன் கோயிலும் வீடு. களத்தில் குவித்த நெல்லோ, வாழைத்தோட்டத்தில் வெட்டின தாரோ, கிடையில் அடைத்த ஆடோ போனால் அது வெறும் திருட்டு, பிரிவு 303. அங்கே கட்டடமே இல்லை. அதே தோட்டத்து பம்புசெட் ரூமைத் திறந்து மோட்டாரைக் கழற்றினால், பொருள் வைக்கும் கட்டடம் என்று வாதிட இடம் இருக்கிறது.

கோயில் என்றதும் ஒன்று. கோயில் கதவைத் திறப்பது கன்னக்களவு. உள்ளே உண்டியலை உடைப்பது, பூட்டிய பாத்திரத்தையோ பெட்டியையோ உடைப்பதற்கான தனிக் குற்றம், பிரிவு 334. வழிபாட்டு இடத்திலிருந்து சாமி சிலையை எடுப்பதை 305-க்குள் தனியாகவே சேர்த்திருக்கிறார்கள். பழைய சட்டத்தின் 380-இல் இது கிடையாது.

‘நுழைவது’ என்பதற்கும் ஓர் அளவு உண்டு. முழு ஆளும் உள்ளே போக வேண்டாம். உடலின் எந்தப் பாகம் உள்ளே போனாலும் போதும். சார்ஜில் கிடக்கும் செல்போனை ஜன்னல் கம்பி வழியாகக் கையை விட்டு எடுத்தால் நுழைந்தாயிற்று. ஆனால் எங்கள் பக்கத்துப் பழைய களவாணிகளிடம் ஒரு வேலை உண்டு. கோடையில் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிற வீட்டில், ஆணியில் மாட்டிய சட்டையை வெளியிலிருந்தே தொரட்டிக் கம்பால் இழுப்பார்கள். கம்பு உள்ளே போனது, கை வெளியே நின்றது. சட்டத்தில் இருக்கும் சொல் ‘உடலின் பாகம்’. கம்பு உடலில் சேராது. கை எல்லையைத் தாண்டவில்லை என்றால் வீடு புகுந்ததாகச் சொல்வது சிரமம். திருட்டுக் குற்றத்திலிருந்து தப்ப முடியாது, அது வேறு.

இனி மூன்றாவது அறை. ஆச்சியின் மனு சிக்கிக்கொண்டது இங்கேதான்.

வீட்டுக்குள் புகுந்த விதத்தைப் பொறுத்துதான் அது கன்னக்களவாகிறது. பிரிவு 330(2) ஆறு விதங்களைச் சொல்கிறது. முதலாவது, தானே ஒரு வழியை உண்டாக்கிக்கொண்டு நுழைவது. சட்டம் இதற்குக் கொடுக்கும் முதல் உதாரணமே சுவரில் துளை போட்டு அதன் வழியே கையை விடுவது. 1860-இல் நிறைவேறிய தண்டனைச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது மண்சுவர். நம் ஊரில் அதற்குப் பெயர் கன்னம், கருவிக்குப் பெயர் கன்னக்கோல். துளை போட்டதும் முதலில் தலையை நீட்ட மாட்டார்களாம். கம்பு நுனியில் ஒரு சட்டியை மாட்டி உள்ளே நீட்டுவார்களாம். அரிவாளோடு யாராவது காத்திருந்தால் சட்டி உடையட்டும் என்று. கன்னக்கோலைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று ஊரில் அபூர்வம். சுவர் சிமெண்டுக்கு மாறிவிட்டது. ‘கன்னக்களவு’ என்ற சொல் மட்டும் போலீஸ் பதிவேட்டில் பகல், இரவு என்று இரண்டு கட்டங்களில் உட்கார்ந்திருக்கிறது.

ஆள் நுழைவதற்கென்று இல்லாத வழியில் போவதும் கன்னக்களவுதான். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஓட்டுக் கூரையில் நாலு ஓட்டைப் பிரித்த இடம், சுவரேறித் தட்டட்டிக்குப் போய் மாடிப்படி வழியாக இறங்குவது எல்லாம் இதில் அடக்கம். வீட்டில் இருப்பவர் திறக்க நினைக்காத விதத்தில் ஒரு வழியைத் திறப்பது இன்னொன்று. கதவு இடுக்கில் கம்பியை விட்டுக் கொண்டியைத் தூக்குவதை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே வராதபடி அடைத்து வைத்ததை அவிழ்த்து வருவதும், வாசலில் நிற்பவரைத் தள்ளிவிட்டோ அடிப்பேன் என்று மிரட்டியோ நுழைவதும் உண்டு.

மிச்சம் இருக்கும் ஒன்று, பூட்டைத் திறப்பது. உடைப்பது என்று சட்டம் சொல்லவில்லை. திறப்பது என்றுதான் சொல்கிறது. இதற்கு ஓர் உதாரணமும் கொடுத்திருக்கிறது: வீட்டுக்காரர் தொலைத்த சாவியை ஒருவன் கண்டெடுக்கிறான், அதைக்கொண்டு கதவைத் திறந்து அத்துமீறி உள்ளே போகிறான், அவன் செய்தது கன்னக்களவு. தொலைத்த சாவிக்கே இந்த நிலை என்றால் துளசி மாடத்துச் சாவிக்குச் சொல்லவே வேண்டாம். ஆச்சி கூச்சப்பட்டு மறைத்த விஷயம்தான் அவர் வழக்குக்கு அஸ்திவாரம்.

வெளியேறும் விதமும் கணக்கில் வரும். ஜவுளிக்கடையில் மூடும் நேரத்தில் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டவன் நுழைந்தது திறந்த வாசல் வழியாகத்தான். விடிவதற்குள் ஷட்டரை நெம்பி வெளியே போனான் என்றால், அந்த நெம்பல் கன்னக்களவாகிவிடும்.

சரி, கதவு திறந்தே கிடந்தால்? அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம். அம்மா தெருவில் குனிந்திருக்கிறார். ஒருவன் சாதாரணமாக நடந்து உள்ளே போய், மேஜை மேலிருந்த செயினை எடுத்துக்கொண்டு புறவாசல் வழியாகப் போய்விடுகிறான். அங்கும் கதவு திறந்தே கிடந்தது. உடைப்பு எங்கும் இல்லை. ஆனாலும் திருடுவதற்காக வீடு புகுந்தது 332-இல் ஏழு வருடம் வரை. வீட்டுக்குள் திருடியது 305-இல் ஏழு வருடம் வரை. தன்னை யாரும் பார்க்காதபடி ஏற்பாடு செய்துகொண்டு நுழைந்தான் என்று காட்ட முடிந்தால் மறைந்து வீடு புகுதல், அதற்கும் கன்னக்களவுக்கும் தண்டனை ஒன்றுதான். இருட்டில் வந்தான் என்பதே மறைந்து வந்ததாகிவிடாது. இருட்டு இயற்கையின் ஏற்பாடு, அவன் செய்துகொண்டதில்லை.

வேலைக்கு வரும் அக்காவோ டிரைவரோ எடுத்தால் கணக்கே மாறும். உள்ளே வர அவர்களுக்கு அனுமதி உண்டு. அங்கே 306, வேலைக்காரர் செய்யும் திருட்டு.

கடைசி அறை, நேரமும் குறியும். சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன் நடந்தால் இரவுக் கன்னக்களவு. கடிகார மணி எதுவும் சட்டத்தில் இல்லை; திருநெல்வேலியின் சூரியன்தான் கணக்கு. பகலில் திருட்டுக்காகக் கன்னக்களவு செய்தால் பத்து வருடம் வரை, 331(3). இரவில் என்றால் பதினான்கு வரை, 331(4). திருட வந்தவன் பீரோவைக் குடைந்து ஒன்றும் கிடைக்காமல் வெறுங்கையோடு போனாலும் இதே தண்டனைதான்; சட்டம் பார்ப்பது என்ன நினைத்து வந்தான் என்பதை. “ஒண்ணும் போகல சார், எதுக்கு கேஸு” என்று விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருந்தவரைச் சேர்ந்து வந்தவர்களில் ஒருவன் வெட்டிக் கொன்றாலோ கொடுங்காயம் செய்தாலோ, அந்த இரவுக் கன்னக்களவில் பங்குகொண்ட எல்லோருக்கும் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இரவுக்கு ஏன் இத்தனை கனம்? தூக்கத்தில் இருக்கும் வீடு தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் தற்காப்பு உரிமையிலும் இரவுக் கன்னக்களவுக்குத் தனி இடம். பொருளைக் காப்பதற்காக உயிரைப் பறிக்கும் அளவுக்கு எதிர்க்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் சில சூழ்நிலைகளில் இதுவும் ஒன்று, பிரிவு 41. அதுவும் தேவையான அளவுக்குத்தான், அத்துமீறல் நீடிக்கும் வரைதான். பிடிபட்டவனை மின்கம்பத்தில் கட்டி வைத்து ஊரே கூடி அடிப்பது இதில் வராது. அடித்தவர்கள்மேல் வழக்கு வந்து நிற்பதை இந்தப் பக்கத்தில் பார்க்கத்தான் செய்கிறோம்.

ஆளில்லா வீட்டில் நேரத்தை எப்படிச் சொல்வது? ஆச்சி வியாழன் காலையிலிருந்து சனி காலை வரை இல்லை. நடுவில் இரண்டு பகலும் இரண்டு இரவும். மனுவில் ‘இரவு நேரத்தில்’ என்று பேரன் எழுதியிருந்தான். எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத்தான். இரவென்று நிரூபிக்க முடியாவிட்டால் வழக்கு 331(4)-இலிருந்து 331(3)-க்கு இறங்கும்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஆச்சி சொல்லிவிட்டுப் போனதால் தினமும் சாயங்காலம் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினாராம். வெள்ளிக்கிழமை ஊற்றும்போது பூட்டு பூட்டினபடி இருந்ததா?

“இருந்துச்சு சார். நான் இழுத்துப் பாத்துட்டுத்தான வந்தேன். ஏழு மணி இருக்கும், நெல்லையப்பர் கோயிலுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன்.”

கதவு திறந்திருந்ததை முதலில் பார்த்தது யார்? பால்காரர். சனிக்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு. சித்திரையில் வெள்ளி ஏழு மணிக்கு இங்கே சூரியன் போயாயிற்று. சனி ஐந்தேகாலுக்கு இன்னும் வரவில்லை. இடையில் இருப்பது முழுக்க இரவு. 331(4) நிற்க வேண்டிய இடத்தைப் பால்காரர்தான் காட்டிக் கொடுத்தார்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கசப்பான விஷயம். பதினான்கு வருடம் என்பது புத்தகத்தில். இந்தக் குற்றத்தை விசாரிப்பது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நீதிமன்றம். அந்த நடுவர் விதிக்கக்கூடிய அதிகபட்ச சிறை மூன்று வருடம். இது போதாது என்று அவர் நினைத்தால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். அவர் ஏழு வரை போகலாம். சட்டம் பதினான்கு என்று எழுதிவிட்டு, மூன்று வருடக் கைக்கு வழக்கைக் கொடுத்திருப்பது எனக்கு எப்போதும் விநோதமாகவே படும்.

அடுத்த கேள்வி, யார் செய்தது? குற்றத்தின் கூறுகளை அழகாக நிரூபித்துவிட்டு, செய்தவன் இவன்தான் என்ற இடத்தில் வழக்கு தோற்பதே அதிகம். களவை நேரில் பார்த்த சாட்சி அநேகமாக இருக்காது. மிஞ்சுவது கைரேகை, கேமரா, பறிமுதல்.

கைரேகையின் கதை இந்த நாட்டிலேயே தொடங்கியது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் அமைந்தது. அந்தக் காலத்தில் வங்காளத்தின் ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலையானார், பணப்பெட்டி காலி. அங்கிருந்த பஞ்சாங்கத்தில் பதிந்த பெருவிரல் ரேகை ஒரு பழைய வேலைக்காரனுடையது. நீதிமன்றம் அவனைத் திருட்டுக்குத் தண்டித்தது, கொலையிலிருந்து விடுவித்தது. ரேகை சொல்வது இவன் இங்கே கை வைத்தான் என்பதை மட்டும். அந்தக் கையால் வேறென்ன செய்தான் என்பதைச் சொல்லாது. அதனால்தான் பீரோவின் உள்தட்டில் இருக்கும் ரேகைக்கும் வாசல் கதவில் இருக்கும் ரேகைக்கும் மதிப்பு வேறு. கேபிள்காரர் ரேகையும் வாசல் கதவில் இருக்கலாம்.

கேமராப் பதிவென்றால் இப்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். வாட்ஸப்பில் வந்த துண்டு வீடியோவை நீட்டினால் கோர்ட் பார்த்துக்கொண்டிருக்காது. பதிவு எந்தப் பெட்டியில் இருந்ததோ அதிலிருந்து முறையாக எடுக்க வேண்டும். பெட்டி தானாகப் பழையதை அழிப்பதற்கு முன்.

பறிமுதல்தான் இந்த வழக்குகளின் முதுகெலும்பு, பலவீனமும் அதுதான். போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. “நகையைக் காட்டுகிறேன்” என்று சொல்லி, அதன்படி நகை கிடைத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராக ஒட்டிய பகுதி மட்டும் செல்லும். பறிமுதல் விவரம் எழுதிய மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர் கோர்ட்டில் ஏறி, “ஸ்டேஷன்லதான் கையெழுத்துப் போட்டேன்” என்று பிறழ்ந்தால் நகை அனாதையாகிவிடும். இப்போது சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சட்டமே சொல்கிறது. ஒழுங்காக எடுத்தால் நிரபராதிக்கும் அது பாதுகாப்புத்தான்.

களவு போன பொருள் சீக்கிரமே ஒருவன் கையில் இருந்து, அது வந்த வழியை அவனால் சொல்ல முடியவில்லை என்றால், அவன் திருடியவன் அல்லது திருட்டென்று தெரிந்து வாங்கியவன் என்று கோர்ட் அனுமானிக்கலாம். ‘சீக்கிரம்’ என்பது பொருளைப் பொறுத்தது. ரூபாய் நோட்டு அன்றைக்கே கைமாறும். 1983-இல் ஒரு கர்நாடக வழக்கில் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் கிடைத்த பொருள்களுக்கும் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தைப் பொருத்தியது. ஆனால் அது இன்னாருடைய நகைதான் என்று முதலில் தெரிய வேண்டும். உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் எந்தத் தங்கமும் யார் பெயரையும் சொல்லாது. ஆச்சியிடம் பில் ஒன்றும் இல்லை. முக்கால்வாசி சீர் நகை. அவரிடம் இருந்தது நினைவு. “ரெட்டைவடச் செயின்ல ஒரு வளையம் அறுந்து, செம்புக் கம்பியால இழுத்துக் கட்டியிருப்பேன்.” அதை அப்படியே எழுதச் சொன்னேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆளைத் தெரியாத களவென்றால் முதலில் பழைய பட்டியலைப் புரட்டி நாலு பேரைத் தூக்கிக்கொண்டு வருவது. ஒருவன் முன்பு தண்டிக்கப்பட்டவன் என்பது இந்தக் களவைச் செய்தான் என்பதற்குச் சாட்சியமாகாது. பிறப்பை வைத்தே ஊர் ஊராகக் குற்றவாளி என்று பதிந்த குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் ஒழிந்தது. அந்தப் புத்தி முழுதாக ஒழிந்ததா என்று கேட்டால் நான் தலையாட்ட மாட்டேன்.

நெல்லைச் சீமையில் களவுக்கு இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. போலீஸ் வருவதற்கு முன் ஊர்க்காவல் முறை. காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு. களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். 1859-இல் மாகாணப் போலீஸ் சட்டம் வந்த பிறகும் இது உடனே போய்விடவில்லை. மாடு காணாமல் போனால் ‘துப்புக்கூலி’ கொடுத்தால் இன்ன இடத்தில் கட்டியிருக்கும் என்று தகவல் வரும். இன்றும் பைக் போனால் ஒரு நடுவாளு போன் பண்ணி, “அஞ்சாயிரம் குடுத்தா வண்டி வரும்” என்பதுண்டு. கள்ளனைப் பிடித்துக்கொடுக்க முயலாமல், பொருளை மீட்டுத் தருகிறேன் என்று பணம் வாங்குவது தனிக் குற்றம். பிரிவு 252, இரண்டு வருடம் வரை. துப்புக்கூலிக்குச் சட்டம் எண் கொடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆச்சியின் மனுவைத் திருப்பி எழுதினோம். வீட்டை உடைத்து, கொள்ளை, இரவு நேரத்தில் என்ற மூன்றும் போயின. வந்தது இது: ‘வியாழன் காலை 8 மணியளவில் முன்வாசல் கதவைப் பூட்டி, ஒரு சாவியை நான் எடுத்துச் சென்றேன். மற்றொரு சாவி துளசி மாடத்துப் பிறையில் இருந்தது. வெள்ளி மாலை 7 மணியளவில் பூட்டு பூட்டிய நிலையில் இருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துள்ளார். சனி அதிகாலை 5.15 மணியளவில் பூட்டு திறந்து, கதவு ஒருக்களித்திருந்ததைப் பால்காரர் பார்த்துள்ளார். பிறையில் இருந்த சாவியைக் காணவில்லை.’ அதன் கீழே நகைப் பட்டியல், செம்புக் கம்பி உட்பட.

பேரன் வாசித்துக் காட்டினான். ஆச்சி சாவி வரியில் நிறுத்தச் சொன்னார். “இது இருக்கத்தான் வேணுமா? ஸ்டேஷன்ல சிரிப்பாவளே.”

“சிரிக்கட்டும் ஆச்சி. அந்த வரிதான் கேஸு.”

கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது. பிரிவுகள் என்ற கட்டத்தில் 331(4), 305.